ஐஸும் சூடுதான்

நைட்ரஜன் பிளாண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, ஒரே குளிரை அளக்க மூன்று அளவுகள் எதற்கு என்றுதான். நியாயமான கேள்வி. கால்நடை டாக்டர் மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட். நூற்றொன்றரை காட்டினால் மாடு நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். சினை ஊசி போடுவதற்கு முன் உறைவிந்துக் குச்சியை உருக்குகிற வெந்நீர் முப்பத்தேழு செல்சியஸ். நம் பிளாண்டில் காற்று குளிர்ந்து நைட்ரஜன் திரவமாகச் சொட்டும் இடத்தில் மீட்டர் எழுபத்தேழு என்று காட்டும். அது கெல்வின். மூன்றையும் ஒரே வாரத்தில் பார்க்கிறவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்.

மாடிப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்சியஸின் ஒரு படியும் கெல்வினின் ஒரு படியும் ஒரே உயரம். எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. செல்சியஸ் தண்ணீர் உறைகிற இடத்தில் நின்றுகொண்டு அதைப் பூஜ்ஜியம் என்கிறது. ஃபாரன்ஹீட் படிகள் குட்டையானவை. அதில் ஒன்பது படி ஏறினால் செல்சியஸில் ஐந்துதான் ஏறியிருப்போம். தண்ணீர் உறையும் இடம் அதற்கு முப்பத்திரண்டு. கீழே இறங்கிக்கொண்டே போனால் மைனஸ் நாற்பதில் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும், பிறகு மறுபடி பிரிந்துவிடும்.

கெல்வின் இன்னும் கீழே போகிறது. சூடு என்பது பொருளுக்குள் இருக்கிற துகள்களின் ஆட்டம். அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டே போனால், இதற்குமேல் எடுக்க ஒன்றுமில்லை என்கிற இடம் ஒன்று வரும். பாடப்புத்தகம் அதைத் தனிச்சுழி என்கிறது. செல்சியஸ் கணக்கில் மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்று, ஃபாரன்ஹீட்டில் மைனஸ் நானூற்று அறுபதுக்குப் பக்கம். எந்த இயந்திரமும் அதைத் தொட்டதில்லை, நாமும் தொடப்போவதில்லை. கெல்வின் அந்த இடத்தைப் பூஜ்ஜியமாக வைத்து மேல்நோக்கி எண்ணுகிறது. அதனால் அதில் மைனஸே கிடையாது.

இதெல்லாம் பி.எஸ்சி. இயற்பியலில் எழுதித் தேறிய விஷயம். அடித்தளத்திலிருந்து எண்ணுவதில் என்ன பிரயோஜனம் என்பது எனக்கு உறைத்தது வேலைக்கு வந்து சில வருடம் கழித்து, ஒரு தை மாதத்தில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு ரோட்டில்.

அது சம்பா அறுவடைக் காலம். அறுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் கதிரில் கைவைக்காமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். லாரி வருகிற ரோட்டில் எல்லாம் மறியல். கோட்டையில் நடப்பது ஏழைகளின் ஆட்சி என்று தொழிலாளர்களும் மிராசுதார்களும் சொல்லிக்கொண்டார்கள், ஆனால் களத்துமேட்டில் நெல்லை அளக்கிற மரக்கால் யார் கையில் என்பது தீர்ந்தபாடில்லை. மறியலால், கால்நடை மருத்துவமனைகளுக்கு நைட்ரஜன் ஊற்றப் போகும் எங்கள் வண்டி ஒரு சுற்று போகவில்லை.

முத்துப்பேட்டை கால்நடை மருத்துவமனையில் ராஜகோபால் என்று ஒரு டாக்டர் இருந்தார். கெட்டிக்காரர். அவருடைய நைட்ரஜன் கண்டெய்னரில் ஓர் உம்பளச்சேரிக் காளையின் உறைவிந்துக் குச்சிகள் இருந்தன. முழங்கால் சேற்றில் இறங்கி உழுகிற மாடு வேறு எங்கும் இப்படிக் கிடையாது. அந்தக் காளை முந்தின வருடம் செத்துப்போயிற்று. அதன் வித்து என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தக் கண்டெய்னரில் இருந்தது மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் டாக்டர் டிரங்க் கால் போட்டார். அளவு பார்க்கிற கறுப்புக் குச்சியைக் கண்டெய்னருக்குள் விட்டு எடுத்து ஆட்டினால், நைட்ரஜன் இருந்த உயரம்வரை குச்சியில் வெள்ளையாகப் பனி படியும். அது இரண்டு விரற்கடைதான் படிகிறது என்றார்.

“நாளைக்குக் காலையில காஞ்சு போயிடும்ங்க. இங்க மீனுக்கு ஐஸ் போடுற கம்பெனி இருக்கு. அவங்க குளிர் ரூம்ல இடம் தர்றேங்கிறாங்க. மைனஸ் பத்து. குச்சிய அங்க மாத்திடவா?”

“வேண்டாம் சார்.”

“ஒண்ணுமே இல்லாததுக்கு அது பரவாயில்லையே. குளிர்தானே.”

“சார், கெல்வின்ல எண்ணிப் பாருங்க. நம்ம கண்டெய்னர் எழுபத்தேழு. நூத்திநாப்பதைத் தாண்டினாலே குச்சிக்குள்ள உசுரு போக ஆரம்பிச்சிடும். ஐஸ் கம்பெனி ரூம் எரநூத்தி அறுபத்திமூணு. வெளிய வெயில் முன்னூறு. நமக்குத்தான் ஐஸ் குளிரு. குச்சிக்கு ஐஸும் சூடுதான். வெயிலும் அதுவும் பக்கத்து பக்கத்து வீடு.”

“எனக்கும் தெரியும்ங்க,” என்றார். “தெரிஞ்சா மட்டும் போதுமா.”

“மூடியத் திறக்காதீங்க. குச்சிய ஆடாம அடியிலயே விட்டுடுங்க. இன்னைக்கே வர்றேன்.”

லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னதில் எது அவர் காதில் விழுந்தது என்று தெரியாது.

எங்கள் துணை இயக்குநர் சம்மதித்தார், போலீஸ் துணையோடு போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. டிரைவர் செபஸ்தியானும் நானும் இரண்டு பெரிய கேன்களில் நைட்ரஜனை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். மன்னார்குடி தாண்டி ஒரு சாவடியில் சப்-இன்ஸ்பெக்டர் எங்களை நிறுத்தினார்.

“மத்தியானம் ஒரு லாரி போவுது, எங்க வண்டி முன்னாடி போவும். நீங்க பின்னாலேயே வந்துடுங்க. ஒருத்தனும் தொடமாட்டான்.”

லாரி அங்கேயே நின்றது. அதில் அரிவாளோடு வெளியூர் அறுப்பு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நம் கேனிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டே இருக்கும். போலீஸ் வண்டிக்குப் பின்னால், அந்த லாரிக்குப் பின்னால், வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு ஒரு வேன் வந்தால் ரோட்டில் நிற்கிறவர்கள் அதை என்னவென்று நினைப்பார்கள்?

“நாங்க முன்னாடியே தனியா போயிடுறோம் சார்,” என்றேன்.

“கல்லு விழுந்தா என்னைக் கேக்கக்கூடாது.”

“சரி சார்.”

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாதுகாப்பு தருகிறேன் என்று யார் சொன்னாலும், அந்தப் பாதுகாப்பு எதிரே நிற்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கல் விழுந்தது. காலையில் ஒரு லாரி அந்த வழியே போயிருந்ததாம். அரசாங்க வேனைப் பார்த்த கோபத்தில் வாய்க்கால் கரையிலிருந்து யாரோ வீசினார்கள். முதல் கல் பக்கவாட்டுத் தகட்டில் பட்டது. செபஸ்தியான் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினார். நானும் ஏற்றினேன். கல் விழும்போது யாரும் செய்வதுதான். ரோடு மோசம், வண்டி குலுங்கக் குலுங்கக் கேன்கள் அதிகமாக ஆவியை விட்டன. தரையெல்லாம் வெள்ளை.

சற்று தூரம் போனதும் செபஸ்தியான் கொட்டாவி விட்டார். பிறகு, “மாதா கோயில் வந்துடுச்சா சார்?” என்றார். அந்த ரோட்டில் மாதா கோயிலே கிடையாது. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான், மெதுவாக, கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி ஞாபகம் வந்தது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, தொண்டையை அடைக்காது. மூடிய அறையில் அது நிறைந்தால் நாம் சுவாசித்துக்கொண்டேதான் இருப்போம், ஆனால் சுவாசிக்கிறதில் பிராணவாயு இருக்காது. வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்தேன். என் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி ஓடி, செபஸ்தியானைப் பிடித்து வெளியே இழுத்தேன். பின்கதவையும் திறந்துவிட்டேன்.

உள்ளே தேங்கியிருந்த ஆவி முழுக்க வெள்ளமாக ரோட்டில் வழிந்தது. நாங்கள் நின்ற இடம் மறியலுக்குக் கூப்பிடு தூரம்.

“டியர் கேஸுடி,” என்று ஒரு பெண் கத்துவது கேட்டது. கூட்டம் சிதறி ஓடி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு எங்களை நோக்கித் திரும்பிவந்தது. பெரும்பாலும் பெண்கள். கையில் அரிவாள், அறுப்பு அரிவாள்தான், ஆனாலும் அரிவாள். செபஸ்தியான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் வந்தவர் கோவிந்தம்மாள். அந்த ஊர்ச் சங்கக் கிளைக்கு அவர்தான் தலைவி. நாற்பது வயதிருக்கும்.

“என்னாது இது?”

“நைட்ரஜன்ங்க. காத்துலேர்ந்து எடுக்கிறது. மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போவுது.”

“காத்த ஏன் பானையில கட்டிக்கிட்டு வர்றீங்க? இங்க இல்லாத காத்தா?”

யாரும் சிரிக்கவில்லை. நான் ஆவிக்குள் கையை நீட்டிக் காட்டினேன். “எரியுதான்னு கேளுங்க. கண்ணு கலங்குதான்னு பாருங்க.”

அவர் பார்த்தார். “சரி. அப்ப மூடிய அழுத்தி மூடி, கயிறு போட்டுக் கட்டு. பொகை வராம இருந்தா போவலாம்.”

“அது முடியாதுங்க. இறுக்கி மூடினா வெடிச்சிடும்.”

சொல்லி முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. பின்னால் ஓர் ஆள், “வெடிக்குமாம்ல, அப்ப குண்டுதான்,” என்றான். நான்கைந்து பேர் வண்டியின் முன் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். விட்டிருந்தால், அங்கிருந்த யாராவது நல்லெண்ணத்திலேயே மூடியை அழுத்திக் கட்டியிருப்பார்கள். ஒரு சொட்டு நைட்ரஜன் எழுநூறு மடங்கு காற்றாக விரியும். வழி அடைத்தால் கேன் பிளக்கும். சுற்றிலும் பெண்கள் நிற்கிறார்கள். நமக்கு ஆபத்தான உண்மைக்கும் அவர்களுக்கு ஆபத்தான பொய்க்கும் நடுவே நிற்க நேர்ந்தால், உண்மையைச் சொல்லிவிட்டு அதன் பலனை வாங்கிக்கொள்ளுங்கள்.

“எந்த ஊரு நீ?” என்றார் கோவிந்தம்மாள்.

ஊரைச் சொன்னேன்.

“எந்தத் தெரு?”

அதையும் சொன்னேன். தெருவைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலிக்குக் கதிர் அறுத்தவர்கள்தான். அதை நானாக எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

“மாட்டு ஆஸ்பத்திரியில என்னா இருக்கு, இவ்ளோ அவசரமா?”

“உம்பளச்சேரிக் காளையோட வித்து இருக்குக்கா. காளை செத்துடுச்சு. குளிர் கொறஞ்சா இதுவும் செத்துடும். சாயந்திரத்துக்குள்ள போய் ஊத்தணும்.”

அவர் பின்னால் திரும்பி இரண்டு மூன்று பேரோடு பேசினார். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்று தலையாட்டியது தெரிந்தது. பிறகு சக்கரத்துக் கல்லைக் கோவிந்தம்மாளே காலால் தள்ளிவிட்டார்.

“நான் வர்றேன். பொய்யா இருந்தா திரும்பி வர்ற வழியும் இதான், ஞாபகம் வச்சுக்க.”

முன்சீட்டில், எனக்கும் செபஸ்தியானுக்கும் நடுவில் உட்கார்ந்தார். கண்ணாடிகளை முழுவதும் இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் மறியல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். ஒரு இடத்தில் அறுக்காமல் நின்ற வயலைப் பார்த்து, “முத்திப்போச்சு, உதிர ஆரம்பிச்சிடும்,” என்று தனக்குத்தானே சொன்னார். அறுக்கக்கூடாது என்று நிற்கச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் அந்தக் கதிரைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

முத்துப்பேட்டையில் டாக்டர் வாசலிலேயே நின்றார். கறுப்புக் குச்சியை விட்டு எடுத்தேன். நுனியில் நகத்தளவு பனி. இருந்தது, அவ்வளவுதான். மெதுவாக ஊற்றினோம். கொதிக்கிற மாதிரி சீறி, புகைந்து, பிறகு அடங்கியது.

“உசுரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் கோவிந்தம்மாள்.

டாக்டர் பாத்திரத்தில் வெந்நீர் வைத்தார். கையில் அகப்பட்டது மாட்டுத் தெர்மாமீட்டர். தொண்ணூற்றெட்டரைக்கு வந்ததும் போதும் என்றார். செல்சியஸில் அதுதான் முப்பத்தேழு. ஒரு குச்சியை எடுத்து அதில் போட்டு உருக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்து, அவரைப் பார்க்கச் சொன்னார்.

கோவிந்தம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. “தலைப்பிரட்டை மாதிரி ஓடுது தம்பி.”

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் அலமாரிக்குப் பக்கத்திலிருந்து ஒரு தெர்மாஸ் பிளாஸ்கை எடுத்துவந்தார். ஐஸ் தூளுக்குள் குச்சிகள் இருந்தன.

“காலையில பாதிய ஐஸ் கம்பெனியில கொண்டுபோய் வச்சேன். உங்க வண்டி வரலேன்னா பாதியாவது பொழைக்கட்டுமேன்னு. நீங்க வர்றீங்கன்னு சாவடியிலேர்ந்து போன் வந்ததும் எடுத்துட்டு வந்துட்டேன்.”

டாக்டர் அதிலும் ஒன்றை உருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொன்றை. பிறகு நிறுத்திவிட்டார். கோவிந்தம்மாளும் குனிந்து பார்த்தார்.

“இதுல எதுவும் அசையலியே. இதுவும் குளிர்லதானே இருந்துச்சு?”

“குளிர்தான்கா. பத்தல.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. துணை இயக்குநரும் பிறகு கேட்கவில்லை. விஷயம் தெரியாமல் செய்தவர் இல்லை அவர். பயத்தில் இரண்டு பக்கமும் கால் வைத்தார். விதைநெல்லை இரண்டு வீட்டில் பிரித்து வைப்பது நல்ல யோசனை. ஒரு வீடு எரிந்தாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் பிரிக்கும்போதே ஒரு வீடு எரிந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் முன்யோசனை இல்லை. அந்தத் தவறை நீங்கள் எல்லோரும் ஒரு நாள் செய்யப் பார்ப்பீர்கள். அப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை. அதைவிடக் கஷ்டமான வேலை நம் தொழிலில் இல்லை.

வெயில் தாழத் திரும்பினோம். மறியல் நடந்த இடத்தில் கூட்டம் இல்லை. வயலில் லாரியில் வந்த ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் போலீஸ் வேன் நின்றது. உள்ளே கம்பிக்குப் பின்னால் காலையில் பார்த்த பெண்கள். ஒருத்தியின் நெற்றியில் துணி சுற்றியிருந்தது.

செபஸ்தியான் வண்டியை நிறுத்தினார். கோவிந்தம்மாள் இறங்கினார். சாவடியில் பார்த்த அதே சப்-இன்ஸ்பெக்டர் அங்கே இருந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“நீங்க இவங்க வண்டியில போயிருந்தீங்க. உங்க மேல ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்கம்மா.”

“எங்க பொம்பளைங்க உள்ள இருக்காங்க.”

“சொன்னா கேளுங்க.”

நான் குறுக்கே போனேன். “அக்கா, நான் அவருகிட்ட பேசிப் பாக்கிறேன்.”

“நீ என்னா பேசுவ? நான் இங்க இருந்திருந்தா மொதல்ல ஏறியிருக்க வேண்டியவ நான்தானே.” குரலில் கோபம் இல்லை. “உன் வேலை ஆச்சுல்ல. போ.”

வேனின் பின்பக்கம் போய், கான்ஸ்டபிளை நகரச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். நெற்றியில் துணி சுற்றியவளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவரை அங்கிருந்து அழைத்துக்கொண்டு போனது நான்தான். அவர் இருந்திருந்தால் அந்த நெற்றி உடைந்திருக்குமா, உடையாமல் இருந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. கேட்ட கூலி முழுவதும் கிடைக்கவில்லை, கொஞ்சம் ஏறியது. எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அடுத்த சுற்றுக்கு நாங்கள் போனபோது மிச்சமிருந்த வயல்களில் உள்ளூர் ஆட்களே அறுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டை ஒட்டிய வரப்பில் கோவிந்தம்மாள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அந்த மிச்சமெல்லாம் உசுரோட இருக்கான்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு வா.”

முத்துப்பேட்டைக்குப் போய் நிரப்பிவிட்டு, ஒன்றை உருக்கிப் பார்க்கச் சொன்னேன். நானும் பார்த்தேன். திரும்பி வரும்போது அவர் நடு வயலில் இருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கி, “இருக்குக்கா,” என்று கத்தினேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்து அறுக்க ஆரம்பித்தார்.